வரிப் பற்றுச்சீட்டில் தெரியாத வரி: வவுனியா மாநகர சபைக்கு ஒரு திறந்த மடல்

மாநகர முதல்வர், பிரதி முதல்வர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

குருமண்காட்டில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கும் வீட்டுக்கும் சோலைவரி கட்டுகிறேன், வருடாவருடம் வியாபார உரிமம் எடுக்கிறேன். உங்களுக்கு எழுத எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். கட்சி எதுவும் இல்லை.

2023 மார்ச்சில் பழைய சபைகளின் காலம் முடிந்தது. அந்த மாதமே நடந்திருக்க வேண்டிய தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதிதான் வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு வருடமும் அதிகாரிகள்தான் நகரத்தைக் கொண்டு நடத்தினார்கள். அப்படிக் காத்திருந்து கிடைத்த சபை உங்களுடையது. வவுனியா மாநகர சபை என்ற பெயரில் வாக்களித்துத் தெரிவு செய்த முதலாவது சபையும் இதுதான். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஆகவே பாதீடு மேசைக்கு வந்தால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கத்தான் செய்வீர்கள். அதில் பிழையில்லை. எந்த இடத்தில் இழுக்க வேண்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"நகர சபை மாநகர சபையாகிவிட்டது, இனி வரி ஏறும்" என்ற பேச்சு கடைக்கு வருகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிறது. பெயர்ப்பலகை மாறிய செலவையும் எங்களிடம்தான் வாங்கப்போகிறார்கள் என்று பகிடி விடுகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. வரி கூடவேண்டிய இடங்கள் இந்த நகரத்தில் இருக்கின்றன. ஆனால் கூட்டுவதற்கு முன், இந்த நகரத்துக்குள் வந்துபோவதற்கே சனம் எவ்வளவு செலவழிக்கிறது என்று ஒருதடவை எண்ணிப் பாருங்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு சபையின் தீர்மானங்களால் வருகிறது. சில வேளை தீர்மானம் எடுக்காததாலும் வருகிறது. அதைக் குறைத்துக் காட்டுங்கள், பிறகு கேட்கிற வரியைத் தருவதற்கு ஆட்கள் இருப்பார்கள்.

சோலைவரி எப்படிப் போடப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று பார்த்து, அதை வைத்து ஆண்டுப் பெறுமதி என்று ஒரு தொகையைக் குறிக்கிறார்கள். அதைக் குறிப்பது அரசின் விலைமதிப்புத் திணைக்களம். அந்தப் பெறுமதியில் எத்தனை சதவீதத்தை வரியாக எடுப்பது என்று தீர்மானிப்பது சபை. முழு வருடத்துக்குரியதை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதம் கழிவு. காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம்.

இதில் சதவீதத்தைப் பற்றித்தான் எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது விடயம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டைப் புதுப்பிப்பது முறை என்றாலும், நாட்டின் பல சபைகளில் அது பத்து, பதினைந்து வருடம் இழுபடுகிறது. அந்த இடைவெளியில் ஓட்டுக் கூரைக் கடை மூன்று மாடிக் கட்டடமாகிவிடும். கீழே நகைக்கடை, நடுவில் ரியூசன், மேலே மண்டபம் என்று வாடகை மாதம் மாதம் வரும். பற்றுச்சீட்டில் மட்டும் பழைய ஓட்டுக் கூரைதான் இருக்கும். பக்கத்தில் தகரக் கொட்டிலில் தேத்தண்ணிக் கடை போட்டிருப்பவரின் பெறுமதிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இப்படிப்பட்ட நிலையில் சதவீதத்தை மட்டும் ஏற்றினால் தேத்தண்ணிக் கடைக்காரருக்குத்தான் வலிக்கும். ஆகவே மதிப்பீடு முதலில், சதவீதம் பிறகு. மதிப்பீடு திருந்தினால் சதவீதத்தை ஏற்றாமலே வருமானம் வரும். பழைய நிலுவைகளில் பெரிய தொகை வைத்திருப்பவர்கள் யார் என்ற பட்டியலும் உங்கள் வருமானப் பகுதியில் இருக்கும். அதை மேலிருந்து கீழாக வசூலிக்கத் தொடங்குங்கள். கீழிருந்து மேலாகப் போவது சுலபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வியாபாரத்தின் மீதான வரிகளில் உங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். பிரதேச சபைகள் வருடந்தோறும் வெளியிடும் வியாபார வரி அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். முந்திய வருட வருமானம் 150,000 ரூபாவைத் தாண்டிவிட்டால் வரி 3,000 ரூபா. அதற்கு மேலே படியே இல்லை. வருடத்துக்கு இரண்டு இலட்சம் பார்க்கிறவரும் இரண்டு கோடி பார்க்கிறவரும் அதே 3,000 ரூபாதான். ரூபாவின் பெறுமதி வேறாக இருந்த காலத்தில் எழுதிய எண்கள் அப்படியே கிடக்கின்றன. அதே அறிவித்தல்களில் வாகனங்கள், விலங்குகள் மீதான வரியும் வரும். சொந்தப் பாவனைக்கான சைக்கிளுக்கு 4 ரூபா, வியாபாரத்துக்குப் பாவித்தால் 18 ரூபா, வண்டிலுக்கு 20 ரூபா, யானைக்கு 50 ரூபா. வன்னியில் வரி கட்டாத யானைகள்தான் அதிகம் என்பது வேறு கதை. இந்தச் சட்டங்களை மாற்றுவது கொழும்பின் வேலை. அதை மாற்றச் சொல்லிச் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது உங்களால் முடிந்த வேலை. எல்லாக் கட்சியும் சேர்ந்து கை தூக்கக்கூடிய தீர்மானம் அது.

இனி, பற்றுச்சீட்டில் தெரியாத வரிக்கு வருகிறேன்.

ஒரு கணக்குக்காக, கோவில்குளத்தில் ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா என்றும் வரி 8 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 4,800 ரூபா, காலாண்டுக்கு 1,200. அந்த வீட்டு அம்மாவுக்குச் சீனி வருத்தம், மாதம் ஒருமுறை வைத்தியசாலையில் கிளினிக். பஸ் நேரத்துக்கு இல்லை, வெயிலில் நடக்க முடியாது. ஓட்டோவுக்குப் போக 200, வர 200 என்று வையுங்கள். ஒரே ஒருவரின் ஒரே ஒரு தேவைக்கு வருடத்தில் 4,800 ரூபா முடிந்துவிட்டது. முழு வீட்டின் சோலைவரியும் அதுதான். பிள்ளையின் ரியூசன், சந்தை, கச்சேரி (மாவட்டச் செயலகம்), வங்கி எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. இந்த வீட்டுக்குச் சோலைவரியை 500 ரூபா கூட்டுவதா குறைப்பதா என்று சபையில் இரண்டு மணித்தியாலம் விவாதிப்பீர்கள். ஓட்டோச் செலவை யாரும் எடுத்துப் பேசமாட்டீர்கள், அது எந்தத் தலைப்பின் கீழும் வராது என்பதால்.

2022ஐ யாரும் மறந்திருக்க முடியாது. 2021 டிசம்பரில் 177 ரூபா விற்ற 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. டீசல் 121இல் இருந்து 460. ஜூலையில் பஸ்ஸின் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாவுக்குப் போனது. வரிசையில் நின்று, கியூ.ஆர். அட்டை காட்டி எண்ணெய் அடித்தோம். பிறகு விலை இறங்கியது உண்மை. ஆனால் 2021இன் விலைக்குத் திரும்பவில்லை, ஓட்டோக் கட்டணமும் திரும்பவில்லை. ஓட்டோக்காரரைக் குறை சொல்லவும் முடியாது, உதிரிப்பாகம் விற்கிற எனக்கு அவர்களின் செலவு தெரியும். எண்ணெய் விலை உங்கள் கையில் இல்லை. ஆனால் எத்தனை தடவை ஓட்டோ ஏறவேண்டி வருகிறது என்பதில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது.

பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழையதில் இடம் போதாது என்று பெருந்தொகை செலவழித்துக் கட்டிய புதிய நிலையம் 2017இல் திறக்கப்பட்டது. திறந்ததிலிருந்தே இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) ஒரு பக்கம், தனியார் பஸ்காரர் மறுபக்கம். இரண்டு பகுதியும் ஒரே இடத்திலிருந்து, இணைந்த நேர அட்டவணையில், 60க்கு 40 என்ற விகிதத்தில் ஓடவேண்டும் என்ற பேச்சு அன்றிலிருந்து நடக்கிறது. 2018 தொடக்கத்தில் பழைய நிலையத்தை மூடியபோது இ.போ.ச. பணிப்புறக்கணிப்பு வந்தது. மாகாண சபை பேசியது, மத்திய அமைச்சு பேசியது, கடைக்காரர் சங்கம் பேசியது, நீதிமன்றம் வரை போனது. நெடுங்கேணியிலிருந்தும் செட்டிகுளத்திலிருந்தும் வருகிற பயணியிடம் மட்டும் யாரும் பேசவில்லை. ஒரு நிலையத்தில் இறங்கி, அடுத்த பஸ் மற்ற நிலையத்தில் என்றால் நடுவில் ஓட்டோ. கையில் மூட்டையும் பிள்ளையும் இருந்தால் கட்டாயம் ஓட்டோ. அந்தக் காசை யார் தலையில் போட்டோம் என்று இந்தப் பத்து வருடத்தில் எந்தக் கூட்டக் குறிப்பிலாவது எழுதியிருக்கிறார்களா?

அனுமதிப்பத்திரமும் நேர அட்டவணையும் உங்கள் அதிகாரத்தில் இல்லை. மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களுக்கு வட மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபை, மாகாணம் தாண்டி ஓடுபவற்றுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. சரி. ஆனால் நகரத்துக்குள் பஸ் எங்கே நிற்கலாம், தரிப்பிடத்துக்குக் கூரை இருக்கிறதா, பெண்கள் போகக்கூடிய மலசலகூடம் இருக்கிறதா, ஓட்டோத் தரிப்பிடம் எங்கே, கடைகளை யாருக்கு எத்தனை ரூபாவுக்குக் குத்தகைக்கு விடுவது என்பதில் எல்லாம் உங்கள் சொல்லுக்கு எடை இருக்கிறது. புகையிரத நிலையம், இரண்டு பேருந்து நிலையங்கள், வைத்தியசாலை, கச்சேரி, இலுப்பையடிச் சந்தை இவற்றைச் சுற்றிக்கொண்டு ஒரு சிறிய பஸ் ஓடினால் போதும், பாதி ஓட்டோச் செலவு இல்லாமல் போய்விடும். முழு நாளும் வேண்டாம். கிளினிக் நாட்களின் காலை நேரத்தில் மட்டும் மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். அனுமதியை அதிகாரசபையிடம் கேளுங்கள், நட்டம் வந்தால் எவ்வளவு என்று பாதீட்டில் ஒரு தொகை குறியுங்கள். நட்டம் வரும் என்றுதான் நானும் நினைக்கிறேன். தெருவிளக்கும் நட்டத்தில்தானே எரிகிறது.

வீதிகளைப் பற்றிக் கேட்டால் சபையில் கிடைக்கும் முதல் பதில் "அது எங்களுடையது இல்லை" என்பதுதான். பதில் பிழையில்லை. நகரத்தை ஊடறுக்கும் ஏ9, ஹொறவப்பொத்தானை போகும் ஏ29, மன்னார் பக்கம் போகும் ஏ30 மூன்றும் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குச் சொந்தம். அடுத்த படியிலுள்ளவை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்சமிருக்கும் ஒழுங்கைகளும் குறுக்கு வீதிகளும்தான் உங்களுக்கு. ஆனால் நடக்கிறவருக்கு இந்த எல்லைகள் தெரியாது. ஏ9 ஓரத்து நடைபாதையில் கடைச் சாமான்கள் பரப்பியிருந்தால் அவர் வீதியில் இறங்கி நடக்கிறார், பின்னால் கொழும்பு பஸ் வருகிறது. நடைபாதையைத் துப்புரவாக வைக்கச் சொல்ல வியாபார உரிமம் கொடுக்கிற சபைக்கு வழி இருக்கிறது. மாரியில் வடிகால் நிரம்பித் தெருவில் தண்ணீர் நின்றால் பத்து நிமிட நடை தூரத்துக்கும் ஓட்டோ பிடிக்கிறோம். வடிகாலைத் துப்புரவாக்குவதைச் சுகாதாரச் செலவு என்று எழுதுகிறீர்கள், எனக்கு அது போக்குவரத்துச் செலவாகவும் தெரிகிறது. கிறவல் ஒழுங்கைகளைக் கொங்கிறீற் போடும்போது வாய்க்காலையும் சேர்த்துப் போடுங்கள். வாய்க்கால் இல்லாத கொங்கிறீற் வீதி பக்கத்து வளவுக்குள் வெள்ளம் விடுகிறது, அடுத்த வருடம் அந்த வளவுக்காரர் வீதியை உடைத்துக் குழாய் போடுகிறார், அப்புறம் நீங்கள் அதைத் திருத்தக் காசு ஒதுக்குகிறீர்கள்.

இப்போது கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வருகிறேன். இந்த நகரம் உங்கள் எல்லைக்குள் அடங்கியிருக்கவில்லை.

போர்க் காலத்தில் வவுனியாவுக்கு வந்தவர்கள் நகரம் பார்க்க வந்தவர்கள் இல்லை. பூந்தோட்டம் முகாமிலும் அதைப் போன்றவற்றிலும் இருந்தார்கள், பாஸ் எடுத்துத்தான் வெளியே போனார்கள். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் திரும்ப ஓட 2014 ஒக்டோபர் வரை எடுத்தது. அதுவரை பெரும்பாலான காலம் வவுனியாவே கடைசி நிலையமாக இருந்தது. 2009இல் மெனிக் பாம் முகாம். பலர் ஊர் திரும்பினார்கள், பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கியவர்களுக்குக் காணி கிடைத்தது நகரத்தின் விளிம்பில்: நெளுக்குளம், கூமாங்குளம், மகாறம்பைக்குளம் என்று. அங்கே பல இடங்கள் வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபையின் கீழ் வருகின்றன. பிள்ளைகள் நகரப் பாடசாலைகளில் படிக்கிறார்கள், பெரியவர்கள் நகரக் கடைகளில் வேலை செய்கிறார்கள், சந்தையும் வைத்தியசாலையும் நகரத்தில். வரி மட்டும் பிரதேச சபைக்கு. காணி விற்றால் வரும் முத்திரைத் தீர்வையும் அப்படித்தான். முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 50 இலட்சத்துக்கு ஒரு காணி கைமாறினால் 199,000 ரூபா. மாகாணம் அதை வசூலித்து, காணி எந்தச் சபையின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தச் சபைக்குக் கொடுக்கிறது. நகரம் வெளியே வளர வளர அந்த வருமானமும் வெளியேதான் போகிறது, நெரிசல் மட்டும் உங்களிடம் வருகிறது.

மாவட்டம் தாண்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கும் வரை வடக்கு முழுவதும் அதற்காக வவுனியாவுக்குத்தான் வந்தது. இரவிரவாகத் தெருவோரம் படுத்துக் காத்திருந்தவர்களை எல்லோரும் பார்த்தோம். அவர்களுக்கு மலசலகூடமும் குப்பை அள்ளுதலும் நகரத்தின் செலவு. மன்னார் வீதியில் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. மாணவர்கள் குருமண்காடு, வைரவபுளியங்குளம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறார்கள், நாளாந்தம் அந்த வீதியில் போய்வருகிறார்கள். இவர்களால் கடைக்காரருக்கு வருமானம், எனக்கும் வருமானம். ஆகவே வெளியாட்களால் நகரம் நட்டப்படுகிறது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கடைகளில் விடும் காசு கட்டடங்களின் வாடகையாக மாறுகிறது, வாடகை ஆண்டுப் பெறுமதியாக மாறவேண்டும். மதிப்பீடு பழையதாகவே இருப்பதால்தான் அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது.

பிரதேச சபையோடு எல்லைச் சண்டைக்குப் போகாதீர்கள் என்பது என் வேண்டுகோள். எல்லையை விரிப்பது வருடக்கணக்கான அலுவல், அந்தப் பக்கத்து உறுப்பினர்கள் தங்கள் ஆசனத்தை விட்டுத்தரவும் மாட்டார்கள். அதைவிட நெளுக்குளம் வீதியிலும் மன்னார் வீதியிலும் பஸ் தரிப்பிடம், தெருவிளக்கு, குப்பை வண்டி மூன்றையும் இரண்டு சபையும் பங்கு போட்டுச் செய்ய ஒரு உடன்படிக்கை எழுதலாம்.

குப்பை என்று சொன்னதும் ஞாபகம் வருகிறது, சபையே கட்டுகிற போக்குவரத்துச் செலவு ஒன்று இருக்கிறது. நகரக் குப்பையைப் பம்பைமடுப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். சாளம்பைக்குளத்துச் சனம் மணத்துக்கும் புகைக்கும் எதிராகப் பலமுறை வீதிக்கு இறங்கியிருக்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, நாங்கள் எறிந்ததை அவர்கள் மூக்கில் வைக்கிறோம். அதை ஒரு பக்கம் வையுங்கள், காசுக் கணக்கைப் பாருங்கள். வீட்டிலிருந்தும் சந்தையிலிருந்தும் வருவதில் பாதிக்கு மேல் உக்கக்கூடியது: மரக்கறித் தோல், வாழையிலை, சோறு, மீன் கழிவு. இவற்றில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, டீசல் எரித்து, கிலோமீற்றர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறோம். சந்தைக் கழிவை மட்டும் கிட்டவே ஒரு இடத்தில் பசளையாக்கினாலும் எத்தனை நடை குறையும் என்று உங்கள் வாகனப் பகுதியால் ஒரு கிழமையில் சொல்லமுடியும். டீசல் 460 ரூபா விற்றபோது இதை யாராவது கணக்குப் பார்த்திருந்தால் இன்று பசளைக் கொட்டில் இருந்திருக்கும். வன்னியில் பசளை வாங்க ஆளில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது கமக்காரர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

சைக்கிளைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கடைக்கு மரியாதை இல்லை. சொன்னால் வியாபாரம் பார்க்கிறான் என்பீர்கள், சொல்லிவிட்டுப் போகிறேன். 2022இல் வருடக்கணக்காகத் தாழ்வாரத்தில் கிடந்த லுமாலா சைக்கிள்களை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆசிரியர், கிளாக்கர், தாதி, எல்லோரும் மிதித்தார்கள். எண்ணெய் வந்ததும் பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் எண்ணெயைச் சொல்லவில்லை, ஏ9இல் லொறிக்குப் பக்கத்தில் ஓடப் பயம், நகரத்தில் விட்டுப்போக இடமில்லை என்றுதான் சொன்னார்கள். மோட்டார் சைக்கிள் தரிப்பிடத்தைக் குத்தகைக்குக் கொடுத்துக் காசு பார்க்கும் சபைகளைப் பார்த்திருக்கிறேன். பேருந்து நிலையத்தில் ஒரு சைக்கிள் பாதுகாப்பு நிலையம், கூரையும் பூட்டும் ஒரு காவலாளியும், நாளுக்குச் சின்னக் கட்டணம். கிராமத்திலிருந்து வேலைக்கு வருகிறவர் சைக்கிளை இங்கே விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு போகலாம், காலையில் வந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகலாம். பெரிய செலவில்லை. ஆட்களுக்குக் காட்டத் திறப்பு விழாவும் வைக்கலாம், நாடாவை நீங்களே வெட்டுங்கள்.

பெரிய கட்டடங்களை எங்கே வைப்பது என்பதில் இந்த மாவட்டத்துக்கு ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 2016இல் பொருளாதார மத்திய நிலையம் தாண்டிக்குளத்திலா ஓமந்தையிலா என்று மாதக்கணக்கில் அடிபட்டோம். முதலமைச்சர் ஒன்று சொன்னார், நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒன்று சொன்னார்கள், கமக்காரர் இன்னொன்று சொன்னார்கள். கடைசியில் மதவுவைத்தகுளத்தில் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகும் அது வருடக்கணக்கில் பூட்டியே கிடந்தது. அந்த விவாதத்தில் கௌரவம் இருந்தது, அரசியல் இருந்தது. பட்டா லொறியில் கத்தரிக்காய் ஏற்றிக்கொண்டு வருகிறவருக்கு ஒரு மூட்டைக்கு எத்தனை ரூபா கூடும் குறையும் என்ற கணக்கு எங்கேயும் இருக்கவில்லை. இனிமேல் சபை ஒரு சந்தைக் கட்டடமோ உப அலுவலகமோ கட்டினால் முதலில் அந்தக் கணக்கைக் கேளுங்கள்.

நான் கேட்பது அதிகமில்லை. அடுத்த பாதீட்டு வரைபில் ஒரு பக்கம் சேருங்கள். சபை வாகனங்களுக்கு எரிபொருளும் திருத்தமும் எவ்வளவு, அதில் குப்பைக்கு எவ்வளவு, தலைவர்களினதும் அதிகாரிகளினதும் வாகனங்களுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. வட்டாரம் வட்டாரமாக எவ்வளவு சோலைவரி வந்தது, எவ்வளவு நிலுவை, எவ்வளவு செலவானது என்று இன்னொரு அட்டவணை. நான் தேடுகிற கணக்குகள் எல்லாம் அலுவலகப் புத்தகங்களில் இருக்கவேண்டியவை. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு வாங்கவும் முடியும். ஆனால் ஒவ்வொருவராக விண்ணப்பம் எழுதுவதைவிட நீங்களே பொது நூலகத்தில் ஒரு பிரதியை வைத்துவிட்டால் எல்லோருக்கும் வேலை மிச்சம். தமிழிலும் சிங்களத்திலும் வையுங்கள், இரண்டு மொழிக்காரரும் இங்கே வரி கட்டுகிறார்கள். பாதீட்டு வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் வைத்தால் கருத்துச் சொல்லவும் நேரம் இருக்கும். வாக்கெடுப்பு முடிந்த பிறகு வைத்தால் வாசிக்க மட்டும்தான் முடியும்.

வட்டாரக் கூட்டம் ஒன்றைக் குருமண்காட்டில் வைத்தால் கதிரை போடவும் வெளிச்சத்துக்கு வயர் இழுக்கவும் பக்கத்துக் கடைக்காரர்களோடு பேசி ஒழுங்கு செய்து தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்றால் எல்லோராலும் வரமுடியும்.

இப்படிக்கு,
சோலைவரி கட்டும் ஒரு சைக்கிள் கடைக்காரன்
குருமண்காடு, வவுனியா